இலியட்டை மாற்றி எடுப்பது ஹோமருக்குச் செய்யும் துரோகமா?

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை வைத்து எடுத்த ‘டிராய்’ (2004) படத்தில், டிராய் இளவரசன் ஹெக்டர், எவளுக்காகப் போர் நடந்ததோ அந்த ஹெலனின் கணவன் மெனலாஸைக் கொன்றுவிடுகிறான், மூலத்தில் அப்படி இல்லையே, இஷ்டத்துக்கு மாற்ற இவர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. அந்தச் சூட்டோடு பழைய புத்தகக் கடையில் இலியட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை வாங்கி வந்து படித்தேன். 24ஆம் பகுதி ஹெக்டரின் ஈமச் சடங்கோடு நின்றுவிட்டது. கிரேக்கர்கள் ஒளிந்து டிராய்க்குள் நுழைந்த மரக்குதிரையைக் காணோம். கிரேக்கர்களின் பெரிய வீரன் அக்கிலிஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நினைத்து பைண்டிங்கைத் தடவிப் பார்த்தேன். கிழியவில்லை, இலியட் அங்கேதான் முடிகிறது. குதிரைக் கதை, ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், ஒரு பாணன் பாட்டாகச் சுருக்கமாக வருகிறது. நாம் கேட்டு வளர்ந்த விரிவான வடிவம் பல நூற்றாண்டுகள் கழித்து லத்தீனில் ரோமானியக் கவி வர்ஜில் எழுதியது. ‘மூலம்’ என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் பாதி ஹோமருடையதே இல்லை.

அந்த ஹோமர் யார் என்பதும் தீராத வழக்கு. இலியட்டையும் ஒடிசியையும் பாடியது ஒரே ஆள் இல்லை என்று வாதிட்டவர்கள் பண்டைக் காலத்திலேயே இருந்தார்கள். 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், இப்படிப்பட்ட காவியங்கள் வாய்வழியாக எப்படி உருவாகின்றன என்று பார்க்க, உதவிக்கு ஆல்பர்ட் லார்டைச் சேர்த்துக்கொண்டு, யுகோஸ்லாவியாவில் ஊர் ஊராகப் போய் வாய்மொழிப் பாடகர்களைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்பவர் 12,000 வரிகளுக்கு மேல் நீளும் ஒரு கதைப்பாடலைச் சொன்னார். ஏறக்குறைய ஒடிசியின் அளவு! எனக்குப் பிடித்த சங்கதி வேறு. கேட்ட பாட்டைச் சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவேன் என்று அங்கே ஒரு பாடகர் அடித்துச் சொல்கிறார். பதிவுகளை ஒப்பிட்டால் வரிகள் மாறியிருக்கின்றன. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது அதே பாட்டுதான்.

ஒடிசிக்குள்ளேயே ஃபீமியஸ் என்ற பாணன் உயிர்ப்பிச்சை கேட்கும்போது, ‘நானே கற்றவன், பாட்டுகளை என் நெஞ்சில் விதைத்தது கடவுள்’ என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு இதைவிடக் குழப்பமான, நேர்மையான பதிலை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? என் அளவுகோல் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸ். கி.மு. 412இல் அரங்கேறிய ‘ஹெலன்’ நாடகத்தில், ஹெலன் டிராய்க்கே போகவில்லை! போனது தேவதை ஹீரா காற்றில் செய்த போலி உருவம். நிஜ ஹெலன் எகிப்தில் பத்திரமாக இருக்கிறாள். டிராய் படத்தின் மாற்றமெல்லாம் இதன் கால்தூசி பெறாது. ஆனால் யூரிபிடிஸ் அந்த மாற்றத்தின் விலையைக் கொடுக்கிறார். உண்மை தெரிந்ததும் மெனலாஸின் வேலைக்காரன், ‘அப்போ ஒரு மேகத்துக்காகவா இவ்வளவு பாடுபட்டோம்?’ என்ற பொருளில் கேட்கிறான். பத்து வருஷப் போரும் அந்த ஒரு கேள்வியில் சரிந்து விழுகிறது.

படத்தில் அந்த விலை இல்லை. மெனலாஸ் செத்தான், கெட்டவன் ஒழிந்தான், அவ்வளவுதான். மெனலாஸின் அண்ணனும் கிரேக்கப் படைத் தலைவனுமான அகமெம்னானையும், சிறைபிடிக்கப்பட்ட பெண் பிரைசிஸ் கையால் குத்திக் கொன்றுவிட்டார்கள். வெற்றியோடு வீடு திரும்பியவன் தன் வீட்டிலேயே வெட்டுப்படுகிறான் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் சாரமே. மகளைப் பலி கொடுத்த பாவம் வீட்டு வாசலில் காத்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அங்கே எதையும் வைக்கவில்லை என்பதுதான் என் புகார். பத்து வருஷப் போரைச் சில வாரங்களாகச் சுருக்கியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, சினிமாவுக்கு அது தேவை.

டைட்டிலில் ‘ஹோமரின் இலியட்டால் உந்தப்பட்டது’ என்றுதான் போட்டார்கள், அந்த மட்டுக்கு நாணயம்.

மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ‘மூலத்தில் இப்படித்தான்’ என்று பேசுவதும் ஆபத்து. ஒடிசியின் 22ஆம் பகுதியில் கதாநாயகன் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் 12 அடிமைப் பெண்களைத் தூக்கிலிடும் இடத்தில், சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அவன் வாயில் ‘வேசிகள்’ என்ற வசை வருகிறது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘அவர்கள்’ என்ற அளவிலான ஒரு பெண்பாற் சுட்டு மட்டுமே. 2017இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் எமிலி வில்சன் அந்த வசையைச் சேர்க்கவில்லை. கிரேக்கம் தெரியாத நான், அதுவரை மொழிபெயர்ப்பாளரின் வசையை ஹோமர் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

மெனலாஸ் செத்தது உறுத்தினால், ஒடிசியின் நான்காம் பகுதியை எடுங்கள். ஸ்பார்டாவில் மகளுக்கும் மகனுக்கும் கல்யாண விருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கொஞ்ச நேரத்தில் ஹெலன் வந்து, எல்லோரும் துக்கத்தை மறக்க மதுவில் ஒரு மருந்தைக் கலக்கிறாள்.