வயிற்று டயாலிசிஸ் குழாய்: முழு மயக்கம் அவசியமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64, காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன, இதயமும் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்பதால் வயிற்று டயாலிசிஸுக்கு (வயிற்றறைக்குள் குழாய் வழியே திரவத்தைச் செலுத்தி, கழிவுகளோடு வெளியேற்றும் முறை) பரிந்துரைத்திருக்கிறார்கள். குழாய் பொருத்தும்போது மயக்கம் கொடுக்காமல் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வோம் என்றதும் அப்பா பயந்துவிட்டார். இது பாதுகாப்பானதா?
- வாசகி, காசிமேடு.

பதில்: ஆம். இதயம் பலவீனமான உங்கள் தந்தைக்கு முழு மயக்கத்தைவிட இதுவே பொருத்தமானது. மருத்துவர் டென்காஃப் 1968-இல் இக்குழாயை அறிமுகப்படுத்திய காலத்திலேயே கூர்முனைக் கருவியால் படுக்கையருகே பொருத்தியிருக்கிறார்கள். அக்கருவியின் இடத்தில் இன்று மெல்லிய ஊசியும், குழாய்க்கு வழிகாட்டும் கம்பியும் (கைடு வயர்) வந்துவிட்டன. தொப்புளுக்குக் கீழே லிக்னோகெயின் செலுத்தி, தோலிலிருந்து வயிற்றறையின் உள்ளுறை வரை மரத்துப்போகச் செய்தபின், சிறு கீறலின் வழியே கம்பியை நுழைத்து, அதன் துணையோடு சிலிக்கோன் குழாயை அடிவயிற்றுக்குள் இறக்குவார்கள். குழாயின் நுனி கீழே போய்ச் சேரும்போது மலம் கழிக்க வேண்டும்போல ஓர் உந்துதல் தோன்றலாம். அது இயல்பு என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாதி பயம் அதிலேயே போய்விடும். தேவைப்பட்டால் பதற்றம் தணிய லேசான தூக்க மருந்தும் தருவார்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது குடலிலோ சிறுநீர்ப்பையிலோ ஊசி படுவதைப் பற்றியும் இரத்தக்கசிவைப் பற்றியும்தான். இதைத் தவிர்க்கவே முன்னதாகப் பேதி மருந்து கொடுத்துக் குடலைக் காலியாக்குவதும், கிளம்பும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்வதும், ஸ்கேனில் இரத்தக்குழாயைப் பார்த்துக்கொள்வதும். கிருமித்தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் ஊசியும் முன்பே போடப்படும். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிற்றில் எப்போதோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால், "அது பழைய கதை" என்று விட்டுவிடாமல் கட்டாயம் சொல்லுங்கள். உள்ளே குடல் ஒட்டியிருக்க வாய்ப்புள்ளவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளையில் நுழைக்கும் கேமரா) வழியே கண்ணால் பார்த்துப் பொருத்துவதுதான் நல்லது. அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டியிருக்கும்.

பலரும் கேட்கத் தவறும் ஒன்று: குழாய் வெளியே வரும் துளை எங்கே இருக்கப்போகிறது? வீட்டில் கட்டுவதுபோலவே கைலி கட்டி, உட்கார்ந்தும் நின்றும் பார்த்தபின் அந்த இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். கைலி முடிச்சின் அடியிலோ தொப்பையின் மடிப்பிலோ அது அமைந்துவிட்டால், நம் ஊர் வியர்வையில் நாள் முழுதும் உரசி, புண்ணாகிவிடும்.

கேள்வி: குழாய் வைத்த மறுநாளே டயாலிசிஸ் தொடங்கலாமா?
- வாசகர், திருவொற்றியூர்.

பதில்: இயன்றவரை இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. குழாயைச் சுற்றியுள்ள டேக்ரான் எனும் செயற்கை இழைப் பட்டைகளில் சதை வளர்ந்து இறுகினால்தான் திரவம் கசியாது. அவசரமானால் படுத்த நிலையில் குறைந்த அளவு திரவத்தோடு முன்னதாகவே தொடங்குவார்கள். அதுவரை கனமான எதையும் தூக்க வேண்டாம். மலச்சிக்கலுக்கு இடம் கொடுக்க வேண்டாம், குடல் நிரம்பினால் குழாய் இடம் மாறக்கூடும். டயாலிசிஸ் தொடங்கியபின் வெளிவரும் திரவம் அரிசி கழுவிய நீர்போலக் கலங்கியிருந்தால், அந்தப் பையோடு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.