நான்கு வயது மகளுக்கு இளவரசி உடுப்பு அணிவித்து டிஸ்னிலாந்துக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி கேட்டவர் நாகர்கோவில்காரர். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹாங்காங் டிஸ்னிலாந்து போகிறார்கள். மகள் சிண்ட்ரெல்லா கவுன் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம். வெயிலில் தாங்குமா, அங்கே அனுமதிப்பார்களா என்று கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: "பிள்ளை கொஞ்சம் கறுப்பு. வெள்ளைக்காரி வேஷம் இவளுக்கு எடுக்குமா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்."

அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். எடுக்கும், சகோதரி. தாராளமாகப் போட்டு அழைத்துச் செல்லுங்கள்.

தக்கலையில் பிள்ளைகளுக்கு உடுப்பு தைப்பது என் தொழில். கோவிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன், கிறிஸ்துமஸுக்குச் சம்மனசு (தேவதூதர்) உடுப்பு, கிருஷ்ண ஜெயந்திக்கு ராதை பாவாடை, பள்ளி ஆண்டுவிழாவுக்கு நடன உடை என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒரு வேஷம் என் மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது தாலப்பொலி என்னும் விளக்குத் தட்டு ஏந்தி நிற்கும் சிறுமிகளைப் பாருங்கள். பிள்ளையை அலங்கரித்து நிறுத்துவது நம் ஊருக்குப் புதிய பழக்கமே கிடையாது. இளவரசி கவுன் அந்த வரிசையில் சமீபத்தில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அளவெடுக்கும் இடத்தில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். பிள்ளையை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தியிருப்போம். நான் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டிருப்பேன். கூட வந்த பெரியவர் பிள்ளையின் தலைக்கு மேலே என்னிடம், "இவள் நிறத்துக்கு இது எடுக்காதே" என்பார். அதுவரை கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, அந்தச் சொல் விழுந்ததும் தரையைப் பார்க்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது புரிகிறது. வீட்டில் பெரியவர்களோடு சண்டை போடச் சொல்லவில்லை. "மாமி, பிள்ளை கேட்கும்படி இதைப் பேச வேண்டாம்" என்று தணிந்த குரலில், ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் போகிற இடத்திலேயே இதற்கு ஒரு பதில் நிற்கிறது. ஹாங்காங் டிஸ்னிலாந்து 2005 செப்டம்பர் 12 அன்று திறக்கப்பட்டது. அதன் பழைய கோட்டையை விரித்துக் கட்டி 2020 நவம்பரில் புதிதாகத் திறந்தார்கள். 13 இளவரசி, அரசிக் கதைகளை மனத்தில் வைத்து எழுப்பிய கோட்டை அது. சிண்ட்ரெல்லா அதில் ஒருத்தி. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினப் பெண் தியானா, பசிபிக் தீவுப் பெண் மோவானா, சீனத்து முலான், பாலைவன நாட்டு ஜாஸ்மின் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். போவதற்கு முன்பே இந்தக் கதைகளையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள். அதற்காக, "நீ தியானா வேஷம் போடு, அதுதான் உனக்குப் பொருத்தம்" என்று மட்டும் திருப்பிவிடாதீர்கள். அவள் ஆசைப்பட்டது சிண்ட்ரெல்லா. நிறத்தைப் பார்த்து வேஷத்தை ஒதுக்கித் தந்தால் பெரியவர்கள் சொன்னதையே நாமும் வேறு வார்த்தையில் சொன்னதாகிவிடும்.

முகத்துக்கு வெள்ளையாகப் பவுடர் பூச வேண்டாம். பொன்னிறச் செயற்கை முடியும் வேண்டாம்; தலை வேர்த்து அரிப்பெடுக்கும், பிள்ளை நாள் முழுவதும் சிணுங்கும். அவளுடைய சொந்த முடியை இறுக்கிப் பின்னி ஒரு ரிப்பன் கட்டினாலே போதும். துணியின் நிறத்தைப் பற்றித் தையற்காரியாக ஒரு வார்த்தை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அழுத்தமான நிறங்கள் அபாரமாக எடுக்கும்: மயில் நீலம், மரகதப் பச்சை, சாமந்தி மஞ்சள். சிண்ட்ரெல்லாவுக்கு நீலம்தான் என்றால், வெளிர் நீலத்தையும் கொஞ்சம் அழுத்தமான நீலத்தையும் அவள் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். அவள் வெளிர் நீலத்தையே காட்டினால் வெளிர் நீலமே எடுங்கள்.

அனுமதி பற்றி. சிறு பிள்ளைகள் வேஷ உடையில் வருவதை டிஸ்னி பூங்காக்கள் விரும்பி வரவேற்கின்றன. கட்டுப்பாடு பெரியவர்களுக்குத்தான், அமெரிக்கப் பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சாதாரண நாள்களில் வேஷ உடை அணிந்து வரக் கூடாது. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும்போதே ஹாங்காங் பூங்காவின் இணையதளத்தில் உடை விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பூங்காவுக்குள்ளேயே சிறுமிகளுக்கு அலங்காரம் செய்து கவுன் போட்டுவிடும் கடை இருக்கிறது. விலை நம் போன்றவர்களுக்குக் கனமானது. நம் ஊரிலேயே தைத்துக் கொண்டுபோவதில் எந்தக் குறைவும் இல்லை.

இதை நான் தொழில் நோக்கில் சொல்வதாக நினைக்க வேண்டாம். இளவரசி உடைகளை ஒரு தனி வியாபாரமாக டிஸ்னி எடுத்ததே 2000-ஆம் ஆண்டையொட்டித்தான். அந்நிறுவனத்தில் அப்போது பொறுப்பேற்றிருந்த ஆண்டி மூனி, பீனிக்ஸ் நகரில் நடந்த பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போனபோது, வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் டிஸ்னி தயாரிக்காத, வீட்டில் ஒப்பேற்றிய இளவரசி உடுப்புகளில் இருந்ததைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகமெங்கும் விற்கும் அந்தக் கவுன்கள். அம்மாக்களின் கைவேலைதான் முந்தியது.

இனி உடுப்பு. கடையில் ஆயத்தமாக வாங்கும் கவுன்களில் பெரும்பாலும் வெளியே பாலியெஸ்டர் நெட், நடுவில் பாவாடையை உப்பவைக்கும் விறைப்பான கான்கான் வலை, உள்ளே வழுவழுப்பான சாட்டின். மூன்றில் ஒன்றுகூட வியர்வையை உறிஞ்சாது. ஹாங்காங்கில் மே மாதத்திலிருந்தே நம் கடலோரம் போலப் புழுக்கமும் மழையும்தான். அந்தக் கான்கானின் வெட்டு முனை இடுப்பிலும் தொடையிலும் உராய்ந்து சிவந்த கோடு போட்டுவிடும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வாங்கிய கவுனாக இருந்தால் தையற்காரரிடம் கொடுத்து, உள்பக்கம் முழுவதும் மெல்லிய காட்டன் லைனிங் வைத்து, இடுப்புத் தையலின் மேல் காட்டன் பட்டி ஓட்டச் சொல்லுங்கள்.

புதிதாகத் தைப்பதென்றால் கான்கானே வேண்டாம் என்பேன். பிள்ளைக்குக் கவுனைப் போட்டதும் முதல் வேலையாக என்ன செய்யும் தெரியுமா? ஒரு சுற்றுச் சுற்றும். பாவாடை விரிகிறதா என்று குனிந்து பார்க்கும். விரிந்தால்தான் அது இளவரசி உடுப்பு. அந்த விரிவை, துணியை முழு வட்டமாக வெட்டும் குடை வெட்டே கொடுத்துவிடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு எலாஸ்டிக் இடுப்போடு தைக்க, துணியின் இடுப்புச் சுற்றளவு 24 அங்குலம் வைத்துக்கொண்டால், அதை 6.28-ஆல் வகுக்க 3.8 அங்குலம் வரும். துணியை நான்காக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து அந்த அளவில் வளைவு போட்டு வெட்டினால் இடுப்பு. அங்கிருந்து பாவாடை நீளத்தை அளந்து இன்னொரு வளைவு போட்டால் கீழ் விளிம்பு. தையல் மிஷின் இருக்கும் எந்த வீட்டிலும் செய்யலாம். உள்ளே காட்டன், மேலே ஒரே ஒரு அடுக்கு மெல்லிய நெட். ஜிகினா தூள் ஒட்டிய நெட் எடுக்காதீர்கள். அந்தத் தூள் உதிர்ந்து கையிலும் கண்ணிலும் தின்பண்டத்திலும் ஏறும்.

நீளம் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். தரையைத் தொடும் கவுன் நின்று படம் எடுக்கத்தான் உதவும். படி ஏறும்போது முன்விளிம்பை மிதித்துப் பிள்ளை முகம் குப்புற விழும், எஸ்கலேட்டரில் ஓரம் சிக்கும். முதுகில் ஜிப் வேண்டாம். கழிப்பறைக்குள் அவசரத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஜிப் மாட்டிக்கொண்டால் படும் பாடு உங்களுக்கே தெரியும். தலைவழியாகப் போடுகிற எலாஸ்டிக் இடுப்பு, உள்ளே முழங்கால் வரை காட்டன் ஷார்ட்ஸ், இது இருந்தால் ராட்டினத்தில் காலைத் தூக்கிப் போட்டாலும் கூச்சமில்லை. பக்கத் தையலுக்குள் ஒரு துணித்துண்டில் உங்கள் கைபேசி எண்ணை மையால் எழுதித் தைத்துவிடுங்கள்.

தோளில் தொங்கும் நீண்ட அங்கி கேட்டால், கழுத்தில் நாடா கட்டவே கட்டாதீர்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டாலும் தைத்துத் தர மாட்டேன். ஓடும் சவாரியில் நாடா எதிலாவது சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். இரண்டு தோளிலும் பிரஸ் பட்டன் வைத்தால், இழுத்தவுடன் கழன்று கையோடு வந்துவிடும். சவாரியில் ஏறுமுன் அங்கியும் கிரீடமும் உங்கள் பைக்குள் போய்விட வேண்டும். கால்களுக்குப் பின்வார் வைத்த சாதாரணச் செருப்பு போதும். பிளாஸ்டிக் குதிகால் செருப்பில் இவ்வளவு சிறு பிள்ளை நடக்கவே கூடாது.

நெட் துணி நெருப்பைக் கண்டால் நொடியில் பிடித்து உருகித் தோலில் ஒட்டும். 2014-இல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் மகளுடைய வேஷ உடையில் மெழுகுவர்த்தி நெருப்புப் பற்றி அந்தப் பிள்ளை கடுமையாகக் காயம்பட்டாள். இத்தகைய வேஷ உடைகள் அங்கே பொம்மைகளுக்கான விதியின் கீழ்தான் சோதிக்கப்பட்டு வந்தன என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. பூங்காவில் நெருப்பு இருக்காது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் பிள்ளை இதைத்தான் போட்டுக்கொண்டு திரியும். குத்துவிளக்கு, கார்த்திகை விளக்கு, கிறிஸ்துமஸ் குடிலின் முன் ஏற்றும் மெழுகுவர்த்தி, பட்டாசு எல்லாம் நம் வீட்டில் உண்டே. அந்த நேரங்களில் கவுன் அலமாரியில் இருக்கட்டும்.

தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கு இந்தக் கவுன் ஆகவே ஆகாது. கொச்சி வொண்டர்லா போன்ற இடங்களில் நீர்ச் சறுக்குகளுக்கு நைலான் அல்லது லைக்ரா நீச்சலுடை கட்டாயம். இதைப் பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவைத்தால் வாசலில் அழுகை இருக்காது.

பயணத்துக்கு முன் ஒரு மாலை வேப்பமூடு பூங்காவுக்குக் கவுனோடு அழைத்துப் போங்கள். படி ஏறட்டும், சறுக்கில் சறுக்கட்டும், தரையில் குந்தி உட்காரட்டும், ஒரு ஐஸ் சாப்பிடட்டும். எங்கே இறுக்குகிறது, எங்கே குத்துகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அவள் சொறியும் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து தையற்காரரிடம் காட்டுங்கள்.

பூங்காவுக்குப் போகும் நாளில் பையில் ஒரு காட்டன் பிராக் கட்டாயம் இருக்கட்டும். மகள் "கழற்று" என்று சொன்ன அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள். கோட்டை முன் படம் இன்னும் எடுக்கவில்லையே, இவ்வளவு செலவு செய்தோமே என்று அவளை நிறுத்திவைக்க வேண்டாம். பிராக்கிலேயே படம் எடுங்கள்.

தைக்கக் கொடுப்பதானால் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் புதுநன்மை உடுப்புகளும் கல்யாண வேலைகளும் குவிந்துவிடும். ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்துவதற்கு நேரம் வேண்டும்.