காலையில் சொன்னது மாலையில் எங்கே?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 74 வயது. மறதி கூடுகிறதே என்று மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டி டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். தினமும் விளையாடுகிறார், ஸ்கோர் ஏறுகிறது. ஆனால் காலையில் சொன்னதை மாலையில் கேட்டால் "எப்போ சொன்னே?" என்கிறார். இதைவிட நல்ல ஆப் இருக்கிறதா? வல்லாரை உதவுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

வல்லாரை துவையலுக்கு நல்லது. அதை விடுங்கள்.

ஸ்கோர் ஏறத்தான் செய்யும். அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான 2,832 பேரை வைத்து நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு 2002-இல் வெளியானது. நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவுச் சோதனையில் தேறினார்கள், பார்த்ததைச் சட்டென்று கண்டுகொள்ளும் வேகப் பயிற்சி பெற்றவர்கள் வேகத்தில் தேறினார்கள். ஒன்று இன்னொன்றுக்குக் கைகொடுக்கவில்லை. வேகப் பயிற்சிக்காரர்களிடம் பத்து வருடம் கழித்து டிமென்ஷியா என்ற மறதி நோய் குறைவு என்று 2017-இல் ஒரு கணக்கு வந்தது. அதை நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப் நிறுவனம், ஆதாரம் காட்ட முடியாமல் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டியது. அம்மாவுக்குப் பிடித்தால் விளையாடட்டும். நீங்கள் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் ஆகாதீர்கள்.

நான் கேட்பது வேறு. காலையில் அவரிடம் எப்படிச் சொன்னீர்கள்? மிக்சி ஓடும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டுதானே? காதில் விழாததை எப்படி ஐயா ஞாபகம் வைத்துக்கொள்வது?

என் அத்தைக்கு மறை கழன்றுவிட்டது என்றே வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். "பால் வாங்கணுமா?" என்றால் "கால் இப்போ தேவலை" என்பார். முதுமையில் முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். 'ஆல்' கேட்கும், முன்னால் நிற்கிற மெய் நழுவிவிடும். மிச்சத்தை மூளை ஊகிக்கிறது. ஊகித்தே களைத்துப்போய், சும்மா தலையாட்டப் பழகிவிடுகிறார்கள். நீங்கள் கத்தினாலும் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு வராது. எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

அத்தைக்குக் காது மெஷின் வாங்கினோம். "கல்யாணத்துக்குப் போட்டுக்கிறேன்" என்று நகைப்பெட்டியில் பூட்டி வைத்தார். மேளமும் கும்பலும் உள்ள கல்யாண மண்டபத்தைப்போல அதற்கு மோசமான இடம் கிடையாது! தினமும் வீட்டில் போட்டுப் பழக வேண்டும். முதல் சில வாரம் பாத்திரம் உருள்வதும் குழாய் சொட்டுவதும்கூட எரிச்சலூட்டும். அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் "வேண்டாம்னா விடும்மா" என்று சொல்லிக் கெடுக்கிறார்கள்.

மெஷின் மாட்டினால் மறதி பறந்துவிடும் என்று சொல்லவில்லை. 70 முதல் 84 வயதான 977 பேரை மூன்று வருடம் தொடர்ந்த ஆய்வு 2023-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஏற்கெனவே மறதி வரும் ஆபத்து அதிகமிருந்த பிரிவினருக்கு மட்டும் மூளைத் திறனின் சரிவு 48 சதவீதம் மெதுவானது. அவ்வளவுதான். ஆனால் தொண்டை கிழியக் கத்தும் வீட்டில் காது கேட்பதே பெரிய காரியம்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சிலருக்கு வெறும் குறும்பி அடைத்திருக்கும். இல்லையென்றால் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுப்பார்கள். காது சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால் உங்கள் மருத்துவரைப் பாருங்கள், வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.