கல்லியோனின் பதவிக்காலம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. இயேசுவை விசாரித்த ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லே கிடைத்துவிட்டது, இனி சுவிசேஷத்தைச் சந்தேகிக்க இடமில்லை என்கிறார் மாமா. யோசுவாவின் முன் இடிந்ததாக பைபிள் சொல்லும் எரிகோ மதில் அவர் காலத்தில் இருக்கவே இல்லை, பைபிள் மொத்தமும் கதை என்கிறான் அண்ணன் மகன். யார் சொல்வது சரி?

அ.

அன்புள்ள அ.,

இருவரிடமும் தகவல் சரியாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து தாவிப்போய் எடுக்கும் முடிவுதான் தப்பு.

பிலாத்து கல்லை 1961இல் இன்றைய இஸ்ரேலிலுள்ள செசரியாவில் ஓர் இத்தாலியக் குழு கண்டெடுத்தது. அங்குள்ள ரோமானிய அரங்கில் பிற்காலத்தில் யாரோ அதைப் படிக்கல்லாகப் போட்டிருந்தார்கள். பிலாத்து என்று ஒருவர் இருந்தாரா என்று அதற்கு முன்பும் பெரிய சந்தேகம் கிடையாது. முதல் நூற்றாண்டு யூத எழுத்தாளர்களான ஜொசிபஸும் ஃபைலோவும் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கல்லில் புதிதாகத் தெரிந்தது அவருடைய பதவி, பிரிஃபெக்ட் (படைத்துறை சார்ந்த ஆளுநர்) என்பது. டாசிடஸ் புரொக்யுரேட்டர் என்று, யூதேயா ஆளுநருக்குப் பிற்காலத்தில் வழங்கிய பதவிப்பெயரால், எழுதியிருந்தார். ஆக, அந்தக் கல் திருத்தியது ஒரு ரோமானிய வரலாற்றாசிரியரை! இயேசுவின் விசாரணை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எரிகோவில் 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் தோண்டினார். இடிந்த மதில் இருந்தது. ஆனால் அந்த அழிவு கி.மு. 1550ஐ ஒட்டியது, யோசுவாவை வழக்கமாக வைக்கும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்த தடயம் இல்லை. யோசுவா புத்தகத்தைப் போர்க்குறிப்பாகப் படிக்க முடியாது என்பது என் கருத்தும்தான். ஆனால் அட்டை ஒன்று என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நூலாகிவிடாது. எரிகோவை வைத்து, புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலர் பவுலின் கடிதங்களை எப்படித் தள்ளுவது?

பவுல் என்றதும் இன்னொரு கல்வெட்டைச் சொல்ல வேண்டும். யாரும் ஃபார்வர்டு செய்யாதது. கிரீஸின் டெல்ஃபி நகரம் பற்றி ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் எழுதிய கடிதம், உடைந்த துண்டுகளாகக் கிடைத்து 1905இல் வெளியானது. ஆள் குறைந்துபோன டெல்ஃபியில் புதிய குடிகளை அமர்த்துவது பற்றிய அரசாங்க விவகாரம் அது. அதில் 'என் நண்பர், புரோகான்சல் (மாகாண ஆளுநர்)' என்று கல்லியோனைக் கிளாடியஸ் குறிப்பிடுகிறார். போர் வெற்றிக்காகப் பேரரசரை வாழ்த்தும் 'இம்பெரேட்டர்' பட்டம் கிளாடியஸுக்கு 26ஆம் முறை கிடைத்த பிறகு எழுதியது. கி.பி. 52 ஆகஸ்ட் 1க்குள் 27ஆம் வாழ்த்தும் வந்துவிட்டது என்று ரோமிலுள்ள நீர்க்கால்வாய்க் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. ஆக, கடிதம் அதற்கு முந்தையது. புரோகான்சல் பதவி பொதுவாக ஓராண்டு. அப்படியானால் கல்லியோன் அகாயாவை (கிரீஸின் தென்பகுதியை உள்ளடக்கிய ரோமானிய மாகாணம்) ஆண்டது ஏறக்குறைய கி.பி. 51-52.

இந்தக் கல்லியோன் தத்துவவாதி செனெகாவின் அண்ணன். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில், 18ஆம் அதிகாரத்தில், அகாயாவின் கொரிந்து நகர யூதர்கள் பவுலை இவரிடம்தான் இழுத்து வருகிறார்கள். இது உங்கள் வேத விவகாரம் என்று வழக்கை விசாரிக்காமலே துரத்திவிடுகிறார். பவுலின் கடிதங்களில் தேதி கிடையாது. மூன்று வருஷம் கழித்து, பதினாலு வருஷம் சென்று என்ற கணக்குகள்தான் உண்டு. அவற்றை மாட்ட ஆய்வாளர்களுக்குக் கிடைத்த ஆணி, அலட்சியமான இந்த அதிகாரி. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் சிலுவை மரணத்துக்குப் பின் சுமார் இருபது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது என்று பலர் சொல்வதற்கு முக்கிய ஆதாரம் இது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல் சொல்வது கல்லியோனின் காலத்தை மட்டும். அவர் முன் பவுல் நின்றார் என்பது நடபடிகள் சொல்வது, அதுவும் சில பத்தாண்டுகள் கழித்து இன்னொருவர் எழுதியது. அதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பவுலின் சொந்தக் கடிதங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மண்வெட்டி அந்த வேலையைச் செய்யாது. நடபடிகளை ஒதுக்கி, பவுல் கொரிந்துக்கு முதலில் போனதை கி.பி. 40களுக்கே தள்ளுபவர்களும் உண்டு.

அப்புறம், 'யாக்கோபு, யோசேபின் மகன், இயேசுவின் சகோதரன்' என்று எழுதிய எலும்புப் பெட்டியின் படத்தையும் மாமா சீக்கிரம் அனுப்புவார். 2002இல் பரபரப்பானது. அகழாய்வில் வந்ததல்ல, ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்தது. எழுத்தைப் போலியாகச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து 2012இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்காகப் பெட்டி உண்மையானது என்று ஆகிவிடாது என்றும் நீதிபதி சொன்னார். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, யார் தோண்டினார்கள் என்று மட்டும் மாமாவிடம் கேளுங்கள்.