ஜூன் முதல் தேதியே கல்லணையில் தண்ணீரா?

கேள்வி: கல்லணையின் தினசரி நீர்திறப்பை மாதவாரியாக டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கில் கூட்ட, பைத்தான் நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். கோப்பு 01/06-ல் தொடங்கி ஓராண்டுக்கு, நாள்/மாதம்/ஆண்டு வரிசையில் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் பாதிக்கு மேல்தான் திறந்தார்கள். ஆனால் ஜூன் 1-லும், 7 முதல் 12 வரையிலும் நீர் ஓடியதாக வருகிறது. நெறியாளரின் கணினியில் அதே ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?
- ஆய்வு மாணவி, கும்பகோணம்

பதில்: நின்றுபோன கணினிதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தேதி வரிசையை நீங்கள் சொல்லாவிட்டால், பைத்தானில் அட்டவணைத் தரவைப் படிக்கும் தொகுப்பான பாண்டாஸ், மாதம்தான் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். 06/08, அதாவது ஆகஸ்ட் 6, ஜூன் 8 ஆகிவிடும். 06/01, அதாவது ஜனவரி 6, ஜூன் 1 ஆகிவிடும். சம்பாவுக்கு ஓடிய தண்ணீர் ஜூனில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். 13-வது மாதம் கிடையாதே, 13/06-ஐ என்ன செய்யும்? பழைய பதிப்பு அந்தத் தேதியை மட்டும் சத்தமில்லாமல் திருப்பிப் படித்துவிடும். 2023-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, முதல் தேதியில் கண்ட வரிசையையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும். 13/06 வந்ததும் நின்றுவிடும்; நெறியாளரின் கணினியில் நடந்தது இதுதான்.

இதில் ஆபத்து என்னவென்றால், ஜூனுக்கு அப்போதும் 30 வரிகள் இருக்கும், ஆண்டு மொத்தமும் மாறாது. வரிகளை எண்ணிப் பார்த்தால் பிடிபடாது. எனவே தேதியின் ஃபார்மட்டை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'பிப் ஃப்ரீஸ்' என்ற கட்டளை தரும், நிறுவிய தொகுப்புகளின் பதிப்புப் பட்டியலை ஸ்கிரிப்டுடன் சேர்த்து வையுங்கள்.

டி.எம்.சி. மாற்றத்தைத் தனி ஃபங்ஷனாக்கி, கையால் போட்ட கணக்கோடு சோதியுங்கள்: விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள், அதாவது 86,400 விநாடி ஓடினால் 0.864 டி.எம்.சி. வரவேண்டும். இன்னொரு சோதனை, திறப்புக்கு முந்தைய ஜூன் நாட்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமா என்பது. இந்த ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே பிழை தெரிந்திருக்கும்.

பதிவில்லாத நாட்களையும் பாருங்கள். வெற்றிடம் என்றால் கூட்டல் அதைத் தாண்டிப் போகும், பூஜ்ஜியம் என்று எண்ணியதற்குச் சமம். -999 என்று இட்டிருந்தால் மொத்தத்திலிருந்தே கழித்துவிடும்.

கேள்வி: ஃபைனல்-2, ஃபைனல்-புதுசு என்று ஏகப்பட்ட கோப்புகள். ஆய்வேட்டில் உள்ள வரைபடம் எதில் வந்தது என்றே தெரியவில்லை.
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஒரே பெயரில் வைத்து, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் போடுங்கள். திருத்தும்போதெல்லாம் காரணத்தை ஒரு வரியில் எழுதி கமிட் செய்யுங்கள், அதாவது அந்த நிலையைப் பதிவு செய்யுங்கள். வரைபடத்தின் கோப்புப் பெயரிலேயே அந்த கமிட் எண்ணின் முதல் 7 எழுத்துகள் இருக்கட்டும். மூலத் தரவுக் கோப்பை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வையுங்கள். ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், சக மாணவர் ஒருவர் தன் கணினியில் முதலிலிருந்து நிறுவி ஓட்டிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து எதுவும் சொல்லக்கூடாது; அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ, அதை ரீட்மி என்னும் வழிகாட்டிக் குறிப்புக் கோப்பில் எழுதுங்கள்.