சிறுபான்மை இனப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மைதான் முதல் காரணமா?

கேட்ட நீங்கள் இலங்கை மலையகத்துக்கு முதல் நியமனம் கிடைத்து வந்த ஆசிரியராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெற்றோர் கூட்டம் வைத்திருப்பீர்கள், பாதிப்பேர்கூட வந்திருக்கமாட்டார்கள். அந்த எரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள். தப்பாக எடுக்கவில்லை. ஆனால் என் அம்மாவைப் பற்றி இதையே சொன்னவர்கள் நிறையப் பேர், அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் பாடசாலையில் கூட்டம் எப்போதும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போய், இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறினால், மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது தோட்டம் சொன்ன கிலோ கூடையில் இருக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான் விழும்; பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பத்து மணிக்கு மலையை விட்டு இறங்கிப் போனவர் எங்கே கிலோவைக் காட்டுவது?

அம்மா ஒருமுறை வந்தார். படங்கை அவிழ்க்க நேரமில்லாமல் அப்படியே ஓடிவந்து, சேறு பட்ட காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு வகுப்பு வாசலில் நின்றார். சார் மதில் கட்டும் காசு பற்றியே பேசி முடித்தார். என் கணிதப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர். அடுத்த தவணை அவர் வரவில்லை, என் முன்னேற்ற அறிக்கையில் சிவப்புப் பேனையால் "பெற்றோர் அக்கறை போதாது" என்று விழுந்தது. அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாசித்துவிட்டு, "அப்ப பேரு யாரு போடுவா, ஒங்க சாரா?" என்று கேட்டபடியே கையெழுத்து வைத்துத் தந்தார்.

எல்லாப் பெற்றோரும் தெய்வங்கள் என்று சொல்ல வரவில்லை. சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிறவர்கள் எங்கள் லயத்திலேயே, தோட்டத்து வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். பிள்ளையைப் பாதியில் நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பினவர்களும் இருந்தார்கள். நீங்கள் கமெண்டில் வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அக்கறையுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்ன கிடைத்தது?

பதினோராம் ஆண்டில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதத்துக்கு ஏ. அடுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க ஆசை. எங்களுக்குக் கிட்டவாக இருந்தது 1சி பாடசாலை, அங்கே கலையும் வர்த்தகமும்தான். கணிதம், விஞ்ஞானம் வேண்டுமென்றால் 1ஏபி பாடசாலைக்கு, அதாவது டவுனுக்குப் போக வேண்டும். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் பாடம் முடிந்துவிடும். அறை எடுத்துத் தங்கிப் படிக்க அப்பா, அம்மா இரண்டு பேருடைய பேரும் பத்தாது. வர்த்தகம் படித்தேன், கம்பஸ் போனேன், இப்போது கணக்குத்துறையில் நல்ல வேலை. குறையில்லை. ஆனால் "நீ விரும்பித்தானே வர்த்தகம் எடுத்தாய்" என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகள் அதற்குள் வரவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களான மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, அந்தப் பிரச்சினை சட்டப்படி முழுதாகத் தீர 2003 ஆனது. தோட்டப் பள்ளிகளை அரசு பெருமளவில் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான், அதுவும் கட்டம் கட்டமாக. என் அம்மா படித்தது தோட்ட நிர்வாகத்தின் பள்ளிக்கூடத்தில். ஒரே அறை, ஒரே வாத்தியார், மூன்றாம் வகுப்பு வரை. அவரிடம்தான் "வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள்" என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பினார்கள்.

"உங்களுக்குத்தான் வெட்டுப்புள்ளி, அதான் கம்பஸ் போகத் தேவையான குறைந்த புள்ளி, குறைவாச்சே, இன்னும் என்ன?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு, 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியா இருக்கிறது, உண்மை. ஆனால் சலுகை மாவட்டத்துக்கு, லயத்துக்கு இல்லை. டவுனில் டாக்டர் மகனும் எங்கள் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். போதாததற்கு, வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே பெயரைப் பதிந்து பரீட்சை எழுதுகிறவர்கள். உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தார் என்று பார்த்துத்தான் மாவட்டம் தீர்மானிக்கிறார்கள். அந்த விதிக்குள் எப்படி நுழைவது என்பதும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதைச் செய்கிறவர்களில் நம் தமிழர்களும் உண்டு. சொன்னால் இனத்தைப் பிரிக்கிறேன் என்பீர்கள். என்றுகொள்ளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. எங்கள் லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கே யாருக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது கைக்கு வரும். என் கம்பஸ் பதிவுக் கடிதம் உறை பிரிந்து, டீ கோப்பை வட்டத்தோடு வந்தது. கடைசித் திகதிக்கு முன் வந்ததே பெரிய காரியம். நேர்முகத் தேர்வு முடிந்தபிறகு கடிதம் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். முடியாவிட்டால் வேலை நாளில், பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்தபிறகு, லயத்துக்கே போய் வையுங்கள். வருவார்கள். அந்த நேரத்துக்குப் பிறகு டவுனுக்குத் திரும்பிப்போகப் பஸ் இல்லையே என்பீர்கள். தெரியும். எங்களுக்குக் கணிதம் படிப்பித்த டீச்சரும் அந்தப் பஸ்ஸைச் சொல்லித்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.