படகில் ஏற்றிக்கொள்ளப்படாதவன்

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுப்புதல் கூட்டத்தில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றபோது நானும் எழுந்து நின்றேன். ஆனால் படுக்கையில் இருக்கும் அம்மாவை விட்டுப் போக முடியவில்லை. இயேசு அழைத்ததும் மீனவர்களான சீமோனும் அந்திரேயாவும் உடனே வலைகளை விட்டார்கள் என்று வாசிக்கப்படும்போதெல்லாம் தலைகுனிகிறேன். நான் அழைப்பைத் தட்டிக்கழித்தவளா? இறையியல் படித்திருந்தால் தெளிவு கிடைத்திருக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இறையியல் படிப்பை விட்டுவிடுவோம். உங்கள் சிக்கல் அதில் இல்லை. சில வாரங்களாக மாற்கு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன்.

பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்து, கட்டிய சங்கிலிகளை முறித்துக்கொண்டிருந்த மனிதன், குணமானபின், தன்னையும் உடன் கூட்டிக்கொண்டு போகும்படி படகில் ஏறும் இயேசுவிடம் மன்றாடுகிறான். வலையை விட்டவர்களுக்குச் சற்றும் குறையாத மனம் அவனுக்கும் இருந்தது. இயேசு சம்மதிக்கவில்லை, வீட்டாரிடம் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவனை விட்டு நீங்கிய பிசாசுகள் புகுந்த பன்றிகள் கடலில் மாய்ந்தபின், எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவையே வேண்டிக்கொண்ட மக்கள் நடுவே அவன் தனியாகத் திரும்பி நடந்தான். 7-ஆம் அதிகாரத்தில் இயேசு மறுபடியும் தெக்கப்போலி என்னும் அந்தப் பத்து நகரப் பகுதிக்கு வருகிறார். இம்முறை போகச் சொல்வார் யாருமில்லை. காது கேளாத ஒருவனைக் கொண்டுவந்து, அவன்மேல் கையை வைக்கும்படி கெஞ்சுகிறார்கள். இடையில் நடந்ததை மாற்கு விரித்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த மனிதன் தெக்கப்போலியில் பேசினான், கேட்டவர்கள் வியந்தார்கள் என்று 5:20 சொல்கிறது. அந்த வசனத்தை வேகமாகக் கடந்துபோகும் பிரசங்கிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. படகில் ஏறியவனே சீடன் என்று சொல்லிச் சொல்லி எத்தனை பேரைத் தலைகுனிய வைத்துவிட்டோம்! வலையை விட்ட சீமோனின் வீட்டுக்கும், முதல் அதிகாரத்திலேயே இயேசு போய், காய்ச்சலாய்க் கிடந்த மாமியாரைக் கைபிடித்துத் தூக்கிவிடுகிறார்.

உங்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே ஒரு வாக்கியத்தில், அதுவும் தடையாக மட்டுமே வருகிறார். இது மிகப் பெரிய தவறு. நானும் 19 வயதில் அப்படி எழுந்து நின்றவன். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை 11 ஆண்டுகள் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். கடவுள் வேறெங்கோ எனக்காகக் காத்திருக்க, நான் இங்கே சிக்கிக்கொண்டேன் என்ற முகத்தோடுதான் எல்லாவற்றையும் செய்தேன். ஓர் இரவு, குழறிய வார்த்தைகளில், "உன்னை நான் தடுத்துவிட்டேனா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு இரவும் அவர் தூங்கியிருக்க மாட்டார்.

உங்கள் அம்மாவின் மனதிலும் அந்தக் கேள்வி இருக்கும், சகோதரி. அவர் கேட்பதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிடுங்கள்.